இராகு காலத்தில் கோட்டை பார்த்தது

வட மாகாணத்தின் தலைநகரம் யாழ்ப்பாணம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தலைநகரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது வெறும் பட்டணம், ரவுண். சீலை வாங்க, பல்லுப் பிடுங்க, பஸ் மாற ரவுணுக்குப் போவோம். அலுவல் முடிந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம். அங்கே நின்று ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது வெளியூர்க்காரர்களின் வேலை என்பது எங்கள் எண்ணம்.

நான் குருநகர்ப் பிள்ளை. வீட்டிலிருந்து கோட்டைக்கு இருபது நிமிட நடை. சின்ன வயதில் அந்தப் பக்கம் போக விடமாட்டார்கள், அது ஆமிக்காரரின் இடமாக இருந்தது. பிறகு போக விட்டார்கள், அப்போது எனக்கு நேரமில்லை. இருபத்தொன்பது வயதுவரை கோட்டையை பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. கடைசியில் அதற்குள் போனது சரித்திர ஆசையால் அல்ல, என் கலியாணத்துக்காக.

மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தான் இப்போது என் கணவர். இதை எழுதும்போது பக்கத்தில் இருந்து விடைத்தாள் திருத்துகிறார், ஆகவே அவரைப் பற்றி அளவாகத்தான் சொல்லலாம். அவர் இணுவில்காரர், சைக்கிளில் வருவார். நான் பஸ்ஸில் வருவேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு, என் பஸ் வரும்வரை, சைக்கிளில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாகப் பஸ் தரிப்பில் நிற்பார். இப்படி இரண்டு வருடம் நின்றார். பஸ் பிந்தி வரவேண்டும் என்று நேர்ந்துகொண்ட ஒரே பிரயாணி நானாகத்தான் இருப்பேன்.

விசயம் இரண்டு வீட்டிலும் வெளிவந்தபோது அவருடைய அப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம். அவர் புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரர். திருநீறு பூசாமல் வாசல் படலை தாண்டாதவர். ஒரு மாதம் வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஆக்களை வேணுமெண்டால் பாக்கிறன். ஆனால் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர் என்பதுதான் வாயால் சொன்ன காரணம். வாயால் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், கடலில் தொழில் செய்கிறவனும் தோட்டத்தில் தொழில் செய்கிறவனும் ஒரே பந்தியில் இருக்கக்கூடாது என்கிற ஒரு பழைய விசர், பைத்தியக்காரத்தனம். எனக்கு அதைப் பற்றி நினைத்தால் இப்போதும் கோபம் வரும்.

என் அப்பாவுக்கு அந்தக் கதை எட்டியதும் அவரும் மீசையை முறுக்கினார். "அப்ப நானும் அவையின்ரை படி மிதிக்கமாட்டன்."

சைவ ஆட்களிடம் இப்படிப்பட்ட சந்திப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயில் வீதியில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்தித்து, பெண்ணையும் பையனையும் பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது சரிவராது. கோயிலுக்கு என் அப்பா வரமாட்டார், மாதா கோயிலுக்கு அவர் அப்பா வரமாட்டார். ஆருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். யோசித்துப் பார்த்ததில், பறங்கியும் ஒல்லாந்தனும் கட்டிவிட்டுப் போன கோட்டைதான் மிச்சம். பூங்கா, மணிக்கூட்டுக் கோபுரம், நூலகம், கோட்டை என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போடுவதுபோல ஒரு ஒழுங்கு போட்டேன். அப்பா கடலுக்குப் போகாத நாள் ஞாயிறு. காலையில் பூசை, மத்தியானம் சாப்பாடு, பிறகு ஒரு கண் நித்திரை, வெயிலும் கொஞ்சம் தணிந்துவிடும். ஆகவே ஞாயிறு மாலை நாலரை. கணிதம் படித்தவள் வைத்த நேரம் என்று எனக்கு நல்ல பெருமை.

அது ஆவணி மாதம். நாலரைக்குப் பூங்காவின் வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அப்பா பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்திருந்தார். அவருக்கு நான் வீட்டிலேயே இரண்டு கட்டளை போட்டிருந்தேன். உரத்துக் கதைக்கக்கூடாது, மீனைப் பற்றிக் கதைக்கக்கூடாது. அம்மா முட்டை படாமல் பார்த்துப் பார்த்துச் செய்த பயற்றம் பணியாரத்தை ஒரு தகரப் பேணியில் வைத்திருந்தா. அவர்கள் மூன்று பேரும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் அப்பா வேட்டி சால்வையோடு, நெற்றியில் மூன்று குறியோடு, கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்பா கும்பிட்டார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிசன். "அண்ணை, நான் நேரை விசயத்துக்கு வாறன்" என்று தொடங்கினார்.

அவர் அப்பா உள்ளங்கையை உயர்த்தினார். "கொஞ்சம் பொறுங்கோ. இப்ப ராகு காலம். ஞாயிற்றுக்கிழமையிலை நாலரை தொட்டு ஆறு. உந்தக் கதையை இப்ப எடுக்கேலாது."

"ஆர் இந்த நேரத்தை வைச்சது?" என்று அவர் அப்பா கேட்டார்.

"நான்தான் ஐயா" என்றேன். ஞாயிறுகளில் எங்களுக்குப் பூசை நேரம் தெரியும், இராகு நேரம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவரைத் திரும்பிப் பார்த்தேன். என் விஞ்ஞான ஆசிரியர் வேப்பமரத்தில் எதையோ மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வெளிக்கிட்டது நல்ல நேரத்திலைதான். வந்ததிலை பிழையில்லை. கதைக்கிறதுதான் கூடாது" என்று அவர் அப்பா தீர்ப்பு வழங்கினார்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஒண்டரை மணித்தியாலத்துக்கு என்ன செய்யிறது?"

"ஊரைச் சுத்திப் பாக்கக் கூப்பிட்டதெண்டுதானே சொன்னவை. பாப்பம்."

நான் ஒரு சாட்டுக்குப் போட்ட சுற்றுலா இப்படித்தான் உண்மையான சுற்றுலாவாக மாறியது. பூங்காவில் சீமெந்து வாங்குகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கலியாணத்தைத் தவிர எதையும் கதைக்கலாம். ஆனால் கலியாணத்தைத் தவிர எங்களுக்குக் கதைக்க என்ன இருந்தது? அப்பா வெயிலைப் பற்றிச் சொன்னார். அவர் அப்பா மழையைப் பற்றிச் சொன்னார். அத்தோடு காலநிலை முடிந்துவிட்டது.

அம்மா பேணியைத் திறந்து அவருடைய அம்மாவிடம் நீட்டினா. "ஒண்டு எடுங்கோ. முட்டை சேர்க்கேல்லை."

"இல்லை, இண்டைக்கு ஏலாது. விரதம்" என்று சொல்லி அவ கையை மடியில் வைத்துக்கொண்டா.

அம்மா மூடியைத் திருப்பிப் போட்டா. எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் கையால் வாங்கிச் சாப்பிட மனமில்லாவிட்டால் அதை நேரே சொல்ல வேண்டியதுதானே, ஏன் விரதத்தைச் சாட்டவேண்டும்? எல்லாம் இன்றோடு சரி என்று நினைத்தேன். எழும்பி முன்னால் நடந்தேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவர் அப்பா நின்று, கோபுரத்தையும் தன் கைமணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தது. கோபுரம்தான் பிழை என்றார். நூலகத்துக்கு முன்னால் எல்லோரும் வேலிக்கரையில் நின்றோம். அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும்போது எங்கள் ஆட்கள் ஏனோ குரலைத் தணித்துவிடுவார்கள், நாங்களும் தணித்தோம். "எரிஞ்சதுக்குப் பிறகு நான் இதைக் கிட்டப் பாக்கேல்லை" என்று அவர் அப்பா சொன்னார். "நானும்தான்" என்றார் என் அப்பா. பிறகு நடந்தோம்.

கோட்டைக்குப் போகிற வழியில் என் விஞ்ஞான ஆசிரியர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "உம்மடை முகம் ஏன் இப்பிடி இருக்கு?"

"உங்கடை அம்மாவிட்டைக் கேளுங்கோ. நல்ல விரதம்."

"ஆவணி ஞாயிறப்பா. அம்மா வருசா வருசம் பிடிக்கிறவ. காலமை தொட்டு ஒண்டும் சாப்பிடேல்லை. சூரியன் பட முதல் வீட்டை போய்ப் பொங்கிப் படைச்சுச் சாப்பிட வேண்டியவ, உமக்காகத்தான் பிந்திறா."

திரும்பிப் பார்த்தேன். அவ வெறும் வயிற்றோடு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வெயிலில் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னுக்குப் போய் அவ மடக்கி வைத்திருந்த குடையை வாங்கி விரித்து அவவுக்குப் பிடித்தேன். அவ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவிடம், "அந்தப் பேணியைப் போகேக்கை எனக்குத் தந்துவிடுங்கோ. விரதம் முடியச் சாப்பிடுறன்" என்றா. அம்மா பேணியை அப்போதே அவவின் கைப்பைக்குள் வைத்துவிட்டா. இரண்டு பேரும் பயறு வறுக்கிற பதத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு பின்தங்கிவிட்டார்கள்.

கோட்டை வாசலின் குளிர்ந்த வளைவுக்குள்ளால் உள்ளே போனோம். அகழி, கொத்தளம், இடிந்த கட்டடங்கள், அவற்றுக்கு முன்னால் விளக்கப் பலகைகள். ஒரு பலகையை வாசிக்கத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. அவர் அப்பா நடுவெளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை எத்தினை பரப்பு வரும்?" என்றார். காணியை ஏக்கரில் நினைக்கிற ஆள் இல்லை அவர். விடையை எதிர்பார்க்காமல் கால்களால் அளந்துகொண்டு போனார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உதடு அசைய அசைய எண்ணி, தெற்கு மூலைவரை நடந்து திரும்பினார். "வெங்காயம் வைச்சால் வருசம் முழுக்க ஊருக்குக் காணும். உவங்கள் சும்மா புல்லு வளர விட்டிருக்கிறாங்கள்." ஒல்லாந்தர்மேல் அவருக்கு இருந்த ஒரே குற்றச்சாட்டு அதுதான்.

கொத்தளத்துக்கு ஏறுகிற சாய்வில்தான் சண்டை வந்தது. அப்பா மதிலில் கை வைத்து, "முருகைக்கல்லு. எங்கடை கடலிலை இருந்து எடுத்தது" என்றார்.

"ஆர் சொன்னது?" என்றார் அவர் அப்பா. "உது எங்கடை பக்கத்துக் கல்லு. கிணறு வெட்டேக்கை வாறது உதேதான். நான் ரண்டு கிணறு வெட்டினனான்."

"அண்ணை, உங்கை பாருங்கோ, சிப்பி கிடக்குது."

"என்ரை கிணத்துக்குள்ளையும் சிப்பி கிடந்தது."

"தோட்டத்துக்குள்ளை சிப்பி எங்காலை வந்தது?"

நான் போட்ட முதலாவது கட்டளை அந்த இடத்தில் பறந்துபோனது. அப்பா நடுக்கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிடுகிற குரலில் வாதாடினார். அவர் அப்பாவும் சளைத்தவரல்ல, கிணற்றுத் துலாவில் ஏறி நின்று கூப்பிட்டுப் பழகிய குரல். இரண்டு பேரும் மூக்கு மதிலில் முட்டக் குனிந்து நின்று ஆளுக்கொரு சிப்பியைச் சுரண்டினார்கள். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று ஒதுங்கி நின்று வழிவிட்டது. என் விஞ்ஞான ஆசிரியருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "ரண்டும் சரிதான். எங்கடை நிலம் முழுக்க ஒரு காலத்திலை கடலுக்கடியிலை கிடந்தது."

"நீ சும்மா இரு" என்றார் அவர் அப்பா.

"தம்பி, பெரியாக்கள் கதைக்கிறம்" என்றார் என் அப்பா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் கைலேஞ்சியை வாய்க்குள் வைத்துக்கொண்டேன்.

மேலே கொத்தளத்தின் விளிம்பு முழுவதும் குடைகள். குடைக்கு இரண்டு பேராகச் சோடிகள். அவர் அப்பா வானத்தைப் பார்த்தார். "மழையும் இல்லை. உதுகள் ஏன் குடை பிடிச்சுக்கொண்டு இருக்குதுகள்?"

"வெயிலுக்கு" என்றார் அப்பா, முகத்தை மாற்றாமல்.

"அஞ்சரைக்கு என்ன வெயில்?"

கடைசிக் குடை சற்றுச் சரிந்து, "குட் ஈவினிங் ரீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவள். ஒரு முக்கோணத்தை ஒழுங்காகக் கீறத் தெரியாதவள். "குட் ஈவினிங்" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று நடந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊர்க்கண் பட்டுவிடும் என்று பயந்து, இந்தக் காற்றில் நாங்கள் ஒருநாள்கூட வந்து இருந்ததில்லை.

கொத்தளத்தில் நின்றால் பரவைக்கடல் முழுவதும் தெரியும். அங்கேதான் அப்பா என் இரண்டாவது கட்டளையையும் மீறினார். எந்தக் காற்றுக்கு எந்த மீன், எங்கே ஆழம், எங்கே முழங்காலளவு தண்ணீர் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். அவருக்குப் பிடித்தமான ஒன்றை அவர் சொல்லும்போது தடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அவர் அப்பா சால்வையைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார். "உது மண்டைதீவோ? பஸ்ஸிலை போகேக்கை உப்பிடித் தெரியிறேல்லை."

"வள்ளத்திலை போயிருக்கிறியளோ?"

"நயினாதீவுக்கு ரண்டு தரம் போனனான். ரண்டு தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தனான்." அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒளிப்பு மறைப்பு இல்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அப்பா பெரிதாகச் சிரித்தார். "அடுத்த முறை என்ரை வள்ளத்திலை வாங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன், கண்ணை மூடத் தேவையில்லை."

சிரிப்பு நின்றது. அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்பதுதானே எங்களுக்குக் கதைக்க அனுமதியில்லாத விசயம். அப்பாவுக்கும் அது உறைத்துவிட்டது, கையை மடக்கிக்கொண்டார். அவர் அப்பா கைமணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சு அம்பது" என்றார்.

அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு நீளமானது. எல்லோரும் சாய்வால் இறங்கினோம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சரி என்றால் என்ன செய்வது, இல்லை என்றால் நாளைக்கு அதே ஆசிரியர் அறையில் அவரை எப்படிப் பார்ப்பது, இடமாற்றத்துக்கு எழுதிப் போடுவதா, எங்கே போவது. அவர் எனக்கு முன்னால் இறங்கினார். அவருடைய சேட்டின் முதுகு நனைந்திருந்தது. காவலாளி விசில் ஊதி எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். குடைகள் எல்லாம் மடங்கி எழும்பின. நாங்கள் வெளிவாசலைத் தாண்டித் தெருவோரம் வந்து நின்றபோது மணி ஆறு கடந்து இரண்டு நிமிடம்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணை, இனிக் கதைக்கலாமோ?"

"இல்லை" என்றார் அவர் அப்பா.

அம்மா என் முழங்கையைப் பிடித்தா.

அவர் சால்வையை உதறித் தோளில் ஒழுங்காகப் போட்டார். "சம்பந்தக் கதையை றோட்டுக்கரையிலை நிண்டு கதைக்கிறதில்லை. பொம்பிளை வீட்டிலை போய்க் கேக்கிறதுதான் முறை. உங்கடை வீடு எந்தப் பக்கம்?"

அப்பா கையைக் குருநகர்ப் பக்கமாகக் காட்டினார்.

"நடக்கக்கூடிய தூரமோ?"

"ஓம்" என்றேன் நான்.

கடற்கரை வீதியால் ஆறு பேரும் நடந்தோம். அம்மா வழிநெடுக என் காதுக்குள் புலம்பிக்கொண்டு வந்தா, வீடு கூட்டவில்லை, மத்தியானக் கறிச்சட்டி கழுவவில்லை, முற்றம் முழுக்க வலை காயுது என்று. அது அவருடைய அம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது. "எங்கடை முத்தத்திலை கால் வைக்க இடமில்லை, எல்லாம் வெங்காயம்" என்றா அவ. நான் அழுதுகொண்டே நடந்தேன், அதை ஒளிக்கவும் இல்லை. என் விஞ்ஞான ஆசிரியர் கைலேஞ்சியை நீட்டினார். முழு ஊரும் பார்க்கிற தெருவில் வாங்கித் துடைத்தேன்.

எங்கள் படலையை அப்பா திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். வருகிறவர்களை வாங்கோ என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். மாலை முழுவதும் ஓயாமல் கதைத்த மனிசனுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கண் கலங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, படலையைப் பிடித்தபடி நின்றார். அவர் அப்பா வலைகளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், காத்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ மாமா" என்றேன் நான்.

அவர் வலையை மிதிக்காமல் சுற்றி நடந்து, படியடியில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, வீட்டுக்குள் ஏறினார்.